தன்னைத் தானே பெயர்க்கும் கருவி

கணிப்பொறி எண்களைத் தவிர வேறொன்றும் அறியாதது. 'இவ்விரண்டையும் கூட்டுக', 'இதனை அவ்விடத்தே வைக்க' என்பன போன்ற சிறு கட்டளைகளையும் அஃது எண் வடிவிலேயே ஏற்கும். மனிதர் தம் கருத்து முழுவதையும் எண்களாகவே எழுதப் புகின் ஆயுள் போதாது. ஆதலின் எழுதுதற்கும் படித்தற்கும் எளியவாய நிரல்மொழிகள் பல வகுக்கப்பட்டன. 'சி' என்பது அவற்றுள் ஒன்று. அம்மொழியில் எழுதப்பட்ட மூல நிரலைப் பொறி அறியும் கட்டளைகளாக மாற்றித் தரும் கருவிக்கு நிரல்பெயர்ப்பி என்று பெயர். கம்பைலர் என வழங்குவதும் இதுவே.

இனி, நிரல்பெயர்ப்பியும் ஒரு நிரலே அன்றோ? அதனையும் ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் எழுதியிருத்தல் வேண்டும். எழுதியதனைப் பொறிக்குப் பெயர்த்துத் தர மற்றொரு நிரல்பெயர்ப்பி வேண்டும். இவ்விடர்ப்பாடு பொறிக்குப் பொறி வெவ்வேறு வடிவில் எழும். ஜி.சி.சி. என்னும் நிரல்பெயர்ப்பியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அமெரிக்க நாட்டில் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், எவரும் பெறவும், படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுடைய மென்பொருள் தொகுதி ஒன்றை இயற்றப் போவதாக 1983-ஆம் ஆண்டில் அறிவித்தார். அதற்குக் 'குனூ' என்று பெயர் சூட்டினார். அத்தொகுதிக்கு முதற்கண் வேண்டியவற்றுள் ஒன்று நிரல்பெயர்ப்பி. அதனை அடிமுதல் தாமே எழுதும் உழைப்பை மிச்சப்படுத்தக் கருதிய அவர், லாரன்சு லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான 'பாஸ்டல்' என்னும் நிரல்பெயர்ப்பியின் மூல நிரலைப் பெற்றார். அது பல பொறிகளுக்கு உரியதாகவே செய்யப்பட்டது. அதனுடன் சி மொழியை ஏற்கும் பகுதியைச் சேர்த்து, மோட்டரோலா 68000 என்னும் பொறிக்கு மாற்றத் தொடங்கினார். அப்பொழுதுதான் தடை புலப்பட்டது. பாஸ்டல் இயங்குதற்கு அடுக்கு நினைவகம் பல மெகாபைட்டு வேண்டியிருந்தது. கிடைத்த யூனிக்சு முறைமையோ 64 கிலோபைட்டுக்கு மேல் இடம் தராது. ஒரு நிரலைப் பெயர்க்கப் புகும்போது அக்கோப்பு முழுவதையும் மரவடிவாக நினைவில் அமைத்து, பின் முழுவதையும் கட்டளைத் தொடராக்கி, பயன்பட்ட இடத்தில் ஒரு சிறிதும் விடுவியாமல் இறுதிவரை செல்வது அதன் இயல்பு. பெரும்பொறியில் வளர்ந்த கருவி சிறுபொறியின் வாயிலில் நுழைய மாட்டாமல் நின்றது. செய்த வேலையுள் சி மொழிப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிட்ட ஸ்டால்மன், புதியதொரு நிரல்பெயர்ப்பியைத் தாமே எழுதினார். 1987-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சோதனைப் பதிப்பும் மே 23-இல் முதற் பதிப்பும் வெளிவந்தன.

மூல நிரல் யாவர்க்கும் கிட்டியதும், அதனைத் தத்தம் பொறியில் கட்டி எழுப்பப் பலர் முயன்றனர். முயன்றோர் பலராகவே பிழைகளும் பலவாய்த் தோன்றின. எழுதியவர் அறியாதவர் என்பது இதன் பொருளன்று. தம் பொறியில் எப்பொழுதும் மெய்யாக நிற்கும் ஒன்றை எல்லாப் பொறியிலும் மெய்யென்று கொண்டதே பெரும்பாலான பிழைகளுக்கு வித்து. பண்டை ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதிச் சென்றதுண்டு. எழுதினார்க்கும் உடனிருந்து கற்றார்க்கும் அதனால் இடரில்லை. ஏடு வேற்றூரார் கைக்குச் சென்றபோதே ஐயம் பிறந்தது. நிரலுக்கும் இவ்வாறே.

சி மொழியில் எழுத்தொன்றை வைத்தற்குரிய சிறு கலம் 'சார்' எனப்படும். அக்கலத்தில் எதிர்மறை எண்ணும் இருக்கலாமோ, இருத்தல் கூடாதோ என்பதனை அம்மொழியின் இலக்கணம் முடிவு செய்யாமல், நிரல்பெயர்ப்பியை இயற்றுவோர்க்கே விட்டுவிட்டது. இன்டெல் வழிவந்த பொறிகளில் எதிர்மறை எண் இடம்பெறும், ஏ.ஆர்.எம். பொறியில் லினக்சு முறைமையின்கண் இடம்பெறாது. கோப்பிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் நிரல், கோப்பு முடிந்ததற்கு அடையாளமாக −1 என்னும் எண்ணைப் பெறுவது வழக்கம். அவ்வெண்ணைச் சார் கலத்தில் வைத்து ஒப்பிடுமாறு ஒருவர் எழுதிவிட்டாரென்க. முதற் பொறியில் நிரல் உரிய இடத்தில் நிற்கும். இரண்டாவதில் −1 என்பது 255 ஆகிவிடும். 255 ஒருபோதும் −1 ஆகாமையால் நிரல் முடிவின்றிச் சுழன்றுகொண்டேயிருக்கும். உற்று நோக்கின் முதற் பொறியிலும் அது செம்மையான நிரல் அன்று. 255 என்னும் மதிப்புடைய பைட்டு கோப்பின் நடுவே வரின், முடிவு வந்ததென்று மயங்கி இடையிலேயே நின்றுவிடும். அயற்பொறி காட்டிக் கொடுக்கும் வரை அக்குறை வீட்டிலேயே ஒளிந்திருந்தது.

எண்ணை நினைவகத்தில் எழுதும் முறையும் பொறிதோறும் வேறுபடும். 05-04 என்று குறித்த நாள் ஒருவர்க்கு ஏப்ரல் 5; அமெரிக்கர்க்கு மே 4. அவ்வாறே ஓர் எண்ணின் பெரும்பகுதியை முன்னே வைக்கும் பொறிகளும், சிறுபகுதியை முன்னே வைக்கும் பொறிகளும் உள. 258 என்னும் எண் ஒரு பொறியில் 1, 2 என்னும் இரு பைட்டுகளாக அமையும். மற்றொன்றில் 2, 1 என அமையும். முறை மாற்றிப் படித்தால் 258 என்பது 513 ஆகிவிடும். 1980-ஆம் ஆண்டில் டானி கோகன் என்பார், முட்டையை எம்முனையில் உடைப்பது என்று போரிட்ட இரு கட்சியாரைக் கலிவரின் பயண நூலிலிருந்து எடுத்து, இவ்விரு வகைப் பொறிகளுக்கும் அவர்தம் பெயரையே இட்டார், அப்பெயர்களே நிலைத்துவிட்டன. நகைப்பிற்கு இடமான பெயராயினும் பிழை நகைப்பிற்குரியதன்று. நிரல்பெயர்ப்பி இயங்கும் பொறி ஒரு வகையாகவும், அது கட்டளை ஆக்கித் தரும் பொறி வேறு வகையாகவும் இருப்பின், ஆக்கப்படும் நிரலில் எண்கள் யாவும் தலைகீழாகப் பதிந்துவிடக்கூடும். நினைவக முகவரியை 32 பிட்டு எண்ணில் வைத்துப் பழகிய நிரல்கள், 1992-இல் வெளிவந்த ஆல்பா போன்ற 64 பிட்டுப் பொறிகளில் முகவரியின் பாதியை இழந்து இடர்ப்பட்டதும் இவ்வகையினதே.

இக்குறைகளைக் களைவதற்கு முன், அவை உள்ளனவா என்று அறிதல் வேண்டும். ஜி.சி.சி.யைக் கட்டும்போது 'பூட்ஸ்ட்ராப்' என்னும் முறை கையாளப்படுகிறது. தன் காலணி வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்பது அச்சொல்லின் கருத்து. அம்முறை மூன்று கட்டங்களை உடையது. பொறியில் முன்னரே உள்ள ஏதேனும் ஒரு நிரல்பெயர்ப்பியைக் கொண்டு ஜி.சி.சி.யின் மூல நிரல் முதலிற் பெயர்க்கப்படும். அவ்வாறு பிறந்தது முதற் கட்டம். அம்முதற் கட்டத்தைக் கொண்டு அதே மூல நிரலை மீண்டும் பெயர்த்தால் பிறப்பது இரண்டாம் கட்டம். இரண்டாவதைக் கொண்டு மறுபடியும் அதனையே பெயர்த்தால் மூன்றாம் கட்டம். முதற் கட்டமும் இரண்டாவதும் ஒன்றுபோல் இருக்க வேண்டுவதில்லை. அவற்றைப் பெயர்த்த கருவிகள் வேறு. ஆயின் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மூலத்திலிருந்து, ஒரே இலக்கணத்தின் வழி நடக்கும் இரு கருவிகளால் ஆக்கப்பட்டவை. ஆதலின் அவை பைட்டுக்குப் பைட்டு ஒத்திருத்தல் வேண்டும். ஒரு பைட்டு மாறினும் கட்டும் பணி பிழைச் செய்தியோடு நின்றுவிடும்.

இவ்வொப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு கோப்பிலும் முதல் 16 பைட்டுகள் ஒப்பிடாமல் விடப்படும். சில முறைமைகளில் கோப்பு ஆக்கப்பட்ட நேரம் அதன் தலைப்பிலேயே எழுதப்படுகிறது. இரு கட்டங்களும் வேறு வேறு நேரத்தில் பிறத்தலால் அவ்விடம் மட்டும் மாறுபடும். அது பிழையன்று. எந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது, எது தகாதது என்று வரையறுத்தலே ஒப்பீட்டின் அரிய பகுதி.

மெய்யான வேறுபாடு எழுமிடங்களும் உள. நிரலின் பகுதிகளை நினைவக முகவரியின் வரிசைப்படி எடுத்து ஆள்வதாக ஒருவர் எழுதிவிடின், முகவரி மாறுந்தோறும் விளைவும் மாறும். வரிசைப்படுத்துதலிலும் இத்தகைய இடர் உண்டு. மதிப்பில் ஒத்த இரு பொருள்களுள் எது முன் நிற்றல் வேண்டுமென்று சி மொழியின் நூலகத்திலுள்ள வரிசைப்படுத்தும் செயற்கூறு உறுதி கூறுவதில்லை. ஒரு முறைமையின் நூலகம் ஒன்றை முன் வைக்கும். வேறொன்றின் நூலகம் மற்றதனை முன் வைக்கும். அதனால் ஒரே மூல நிரல், எப்பொறியில் வைத்துப் பெயர்க்கப்பட்டது என்பதைப் பொறுத்து வெவ்வேறு கட்டளைகளாக வெளிவரக்கூடும். இதனை நீக்க, 2019-இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பு முதல் ஜி.சி.சி. பிறர் நூலகத்தை எதிர்பாராது, வரிசைப்படுத்தும் முறையைத் தன்னகத்தே வைத்துக்கொண்டுள்ளது.

ஒத்திருத்தல் வேறு, செம்மை வேறு என்பதும் மறத்தற்குரியதன்று. ஒருவர் விடையைப் பார்த்து எழுதிய இருவர் தாள்களும் ஒத்திருக்கும்; இரண்டும் தவறாயிருத்தல் கூடும். ஆதலின் மூன்று கட்டமும் முடிந்த பின்னர், விடை தெரிந்த சோதனை நிரல்கள் பலவற்றை ஓட்டிப் பார்த்தலும் மரபாயிற்று.

பொறிகளின் வேறுபாட்டை எதிர்கொள்வதற்கு மற்றொரு வழியும் கண்டனர். பொறியின் பெயரைக் கேட்டு, 'இப்பெயருடையதற்கு இவ்வியல்பு இருக்கும்' என்று துணிவது பழைய வழக்கம். பெயர் ஒன்றாயிருந்தும் இயல்பு மாறிய முறைமைகள் பெருகவே அது பொய்த்தது. 1991-இல் டேவிட் மெக்கன்சி என்பார் தொடங்கிய 'ஆட்டோகான்ஃப்' என்னும் கருவி, பெயரை நம்பாமல் இயல்பையே சோதிக்க வழி செய்தது. கட்டும் பணிக்கு முன் சிறுசிறு நிரல்களைப் பெயர்த்துப் பார்த்து, இச்செயற்கூறு உண்டா, இவ்வெண்ணின் அகலம் எத்துணை என்று பொறியையே வினவி அறிந்துகொள்ளும். குலம் கேளாது குணம் தேரும் இம்முறை சிறந்ததே. ஆயினும் கட்டும் பொறியும் இயங்கும் பொறியும் வேறாயின், ஓட்டிப் பார்த்து அறியும் சோதனைகள் அங்கே பயன்படா.

இத்துணை முயன்றும் பிழை எழின், அதனைக் கண்டவரே முதல் மருத்துவர். 'எனக்குக் கட்ட வரவில்லை' என்று மட்டும் எழுதுவாரால் எவர்க்கும் பயனில்லை. பதிப்பின் எண், பொறியும் முறைமையும், கட்டியபோது தந்த விருப்பங்கள், இட்ட கட்டளையின் முழு வடிவம், வந்த செய்தி ஆகிய யாவற்றையும் உள்ளவாறே தருமாறு ஜி.சி.சி. குழுவினர் வேண்டுகின்றனர். அவற்றோடு, தலைப்புக் கோப்புகள் யாவும் உள்ளே விரிக்கப்பட்ட நிரற் கோப்பொன்றையும் கேட்கின்றனர். தலைப்புக் கோப்புகள் ஊர்தோறும் வேறுபடுவன. அவை இன்றி அனுப்பிய நிரல், திருத்துவாரது பொறியில் யாதொரு குறையுமின்றிப் பெயர்க்கப்பட்டுவிடலாம். ஆயிரம் வரியுள்ள நிரலைப் பாதியாக்கி, பிழை நிற்கிறதா என்று நோக்கி, மீண்டும் பாதியாக்கிப் பத்து வரியளவிற் சுருக்கித் தருபவர், திருத்துவோரின் பணியிற் பெரும்பகுதியைத் தாமே முடித்தவராவார்.

அவ்வாறு வந்த திருத்தங்கள் எல்லாம் உடனே ஏற்கப்பட்டன என்பதற்கில்லை. பலர் அனுப்பியவை நெடுநாள் காத்துக் கிடந்தன. மனம் சலித்த சிலர் 1997-ஆம் ஆண்டில் மூல நிரலைக் கொண்டு 'ஈ.ஜி.சி.எஸ்.' என்னும் தனிக் கிளையைத் தொடங்கினர். மூலம் யாவர்க்கும் உரியதாதலின் அவர்களைத் தடுப்பாரில்லை. அக்கிளை விரைந்து வளர்ந்தது. ஈராண்டிற்குள், 1999 ஏப்ரலில், அதனையே மூலக் கிளையாக ஏற்று, அதன் குழுவினரிடமே ஜி.சி.சி.யின் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது.

முன்னரே நிரல்பெயர்ப்பி ஒன்று இல்லாத புதிய பொறிக்கு மூன்று கட்ட முறை தொடக்கத்திலேயே பயன்படாது. அங்கே, பழகிய பொறியொன்றில் இருந்துகொண்டு புதிய பொறிக்கான கட்டளைகளை ஆக்கும் குறுக்குப் பெயர்ப்பியே துணை. 2017-இல் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது ரிஸ்க்-ஃபைவ் என்னும் பொறிவகை ஜி.சி.சி.யில் இடம்பெற்றது. அத்தகைய புதுப்பொறிக்கு முதலில் அயற்பொறியிலிருந்து இயங்குதளமும் நிரல்பெயர்ப்பியும் ஆக்கி அனுப்பப்படும். பின்னர், அனுப்பப்பட்ட நிரல்பெயர்ப்பியைக் கொண்டே அப்பொறி மூல நிரலைத் தன்னிடத்திலேயே பெயர்க்கத் தொடங்கும். முதற் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என மும்முறையும் முடிந்து, கடைசி இரண்டும் பைட்டுக்குப் பைட்டு ஒத்து நிற்கும் வரை திருத்துவோர் உறங்கார்.