வேளச்சேரிக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்ததா?

“ப்ளூ கிராஸுக்கு ஒரு போன் போடுங்க சார், வண்டி வரும், தெருவில் இருக்கிற எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயிடுவாங்க. அப்புறம் அவங்க பாடு.” கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வசனம் இது. மயிலாப்பூர் மாட வீதியில் காலை நடை போகிறவர்களும், தி.நகர் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர்களும், அடையாற்றின் வாட்ஸ்அப் குழுக்களில் விடிய விடிய விழித்திருப்பவர்களும் எழுத்துப் பிசகாமல் இதையே சொல்கிறார்கள். முன்பாதி அறியாமை, மன்னித்துவிடலாம். அடிபட்ட விலங்குக்கும் நோயில் விழுந்த விலங்குக்கும்தான் ப்ளூ கிராஸின் வேளச்சேரிக் காப்பகத்தின் வண்டி வரும். நல்ல ஆரோக்கியத்துடன் தெருமுனையில் படுத்திருக்கும் நாயைக் குடிபெயர்க்க அது வராது. கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் பிடித்துப் போகும் நாயை, 2001-இல் வந்த விதியும் சரி, அதற்குப் பதிலாக 2023-இல் வந்த விதியும் சரி, பிடித்த இடத்திலேயே திரும்ப விடச் சொல்கின்றன. மன்னிக்க முடியாதது பின்பாதிதான். “அப்புறம் அவங்க பாடு” என்கிற அந்த மூன்று சொல்தான், இரவு பத்து மணிக்குமேல் ஆள் பார்க்காத நேரத்தில் அட்டைப்பெட்டியில் குட்டிகளைக் கொண்டுவந்து காப்பக வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறது. வைத்துவிட்டுப் போனவர் புண்ணியம் செய்த திருப்தியில் தூங்குவார். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சென்னைக்காரர்களுக்கு இந்த எதிர்பார்ப்பு மாநகராட்சியின் பழைய நாய் வண்டியிலிருந்து வந்தது. 1860 வாக்கில் தொடங்கிய நாய் ஒழிப்பு, 1990களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் அளவுக்குப் போனதாக ப்ளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். நூற்று முப்பது வருடத்துக்கு மேல் கொன்ற பிறகும் கணக்கு ஏறிக்கொண்டே போயிருக்கிறது என்றால், அந்த முறையின் லட்சணத்தைச் சொல்ல வேறு ஆதாரம் வேண்டியதில்லை. 1959-இல் கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் (இருவருமே விமானிகள்) இந்த ஊரில் தொடங்கிய ப்ளூ கிராஸ், கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யுங்கள் என்று 1964 முதல் சொல்லிக்கொண்டிருந்தது. மாநகராட்சி அதைக் கேட்டு மின்சாரக் கொலையைக் கைவிட 1996 ஆயிற்று. இடையில் 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வர மாநிலங்களவையில் போராடிய ருக்மிணி தேவி அருண்டேல் சென்னையில் வாழ்ந்தவர். அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியமே 2018 வரை சென்னையிலிருந்துதான் இயங்கியது. நாய் வண்டியை நிறுத்தப் போராடிய ப்ளூ கிராஸிடம் போய், நாய் வண்டி எப்போது வரும் என்று கேட்கிற ஊர் நம்முடையது. வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து “காப்பகம்” என்று எழுதிவிட்டால் மனசாட்சி உறுத்தாது என்பதைத் தவிர இந்தக் கோரிக்கையில் புதிதாக எதுவும் இல்லை.

சரி, எல்லாவற்றையும் அடைத்துத்தான் பார்ப்போமே. மாநகராட்சிக்காக 2024-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி சென்னைத் தெருக்களில் ஏறக்குறைய 1.81 லட்சம் நாய்கள். ஒரு நாய்க்குப் படுத்து எழ இரண்டு சதுர மீட்டர் என்று கஞ்சத்தனமாக வைத்தால்கூட, நடைபாதை, சமையல்கூடம், மருத்துவ அறை எதுவும் சேராமல் 90 ஏக்கர் வேண்டும். அடையாற்றில் பிரம்மஞான சபையின் வளாகம் முழுவதுமே ஏறக்குறைய 260 ஏக்கர்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு கூண்டாக வேண்டும். சாப்பாட்டுக்கு நாளுக்கு 30 ரூபாய் என்று வையுங்கள்: தினம் 54 லட்சம், வருடத்துக்கு 190 கோடிக்கு மேல். ஐம்பது நாய்க்கு ஓர் ஆள் என்றாலும் கழுவித் துடைக்க 3,600 பேர். தெருவிளக்கு மாற்ற நாலு முறை மாநகராட்சியின் 1913-க்குப் போன் போடுகிற நாம், இதையெல்லாம் ஒருவர் செய்துகொண்டிருப்பார் என்று எந்த நம்பிக்கையில் பேசுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

பணமும் இடமும் வானத்திலிருந்து விழுந்தாலும் இது நடக்காது. ஏன் நடக்காது என்பதைக் கால்நடை மருத்துவம் சொல்கிறது. பார்வோ என்றொரு வைரஸ் இருக்கிறது. நோய்கண்ட குட்டியின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும். தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாம் நம்பி ஊற்றும் ஃபினாயிலுக்கு அது அசைந்து கொடுக்காது. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி, ஊறவிட்டுக் கழுவினால்தான் சாகும். குட்டிக்குத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டியது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி வடிந்துபோய், ஊசியின் பாதுகாப்பு இன்னும் ஏறாமல், நடுவில் சில வாரங்கள் குட்டி வெறும் கையோடு நிற்கும். அட்டைப்பெட்டியில் வருகிற குட்டி பெரும்பாலும் அந்த வயதுதான். நாற்பது நாள், ஊசி கிடையாது, தாயைப் பிரிந்த அதிர்ச்சி, வயிற்றில் புழு. அதைக் கொண்டுபோய் ஊரின் நோயாளி நாய்கள் எல்லாம் வந்துபோகும் இடத்தின் வாசலில் வைத்தால், முதலில் சாப்பாட்டை மறுக்கும், பிறகு வாந்தி, பிறகு ரத்தம் கலந்த பேதி. அதே குட்டி உங்கள் தெருவில், தாயின் மடியில், பார்க்கிங் ஷெட்டின் ஓரத்தில் இன்னும் மூன்று வாரம் இருந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். நல்ல இடத்தில் விட்டோம் என்கிறீர்களே, அதற்கு அதைவிட மோசமான இடம் அந்த வயதில் இல்லை. பெரிய நாய்களும் தப்பாது. டிஸ்டெம்பர் மூச்சுக்காற்றில் பரவும், உண்ணிக் காய்ச்சல் கூண்டுக்குக் கூண்டு ஏறும். தெருவில் ஐந்தாறாகத் தனித்தனி எல்லை பிரித்து வாழ்கிற பிராணியை நூறாக ஒரே கொட்டகையில் விட்டால் இரவெல்லாம் கடிபடும். ஆஸ்பத்திரி வார்டில் ஆரோக்கியமானவர்களைக் கொண்டுவந்து குடிவைப்பது போன்ற யோசனை இது.

இதற்குப் பதில் தயாராக இருக்கும்: 1996-லிருந்து கருத்தடை செய்கிறீர்களே, முப்பது வருடமாகக் கிழித்தது என்ன? நியாயமான கேள்விதான். அதே 2024 கணக்கெடுப்பே பதிலும் சொல்கிறது: கருத்தடை ஆன நாய்கள் நூற்றுக்கு 27 அளவில்தான். ஒரு பகுதியில் நூற்றுக்கு 70-ஐத் தொட்டால்தான் எண்ணிக்கை இறங்கும் என்பது இத்துறையில் பாலபாடம். பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை சினைப்பருவத்துக்கு வரும். அறுபத்துமூன்று நாளில் குட்டி போடும். ஒரு தெருவில் பத்து பெட்டைகளில் மூன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் மற்ற ஏழும் அந்த இடத்தை நிரப்பிவிடும். ஐந்து நாள் மாத்திரையை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டு, மருந்தில் குணமில்லை என்று டாக்டரைத் திட்டுவது நம் ஊர்ப் பழக்கம், இதுவும் அதுதான். விடாமல் செய்த இடங்களில் பலன் தெரிந்திருக்கிறது. ஜெய்ப்பூரில் 1990களின் நடுவில் தொடங்கிய கருத்தடைப் பணியால் நாய்களின் எண்ணிக்கை குறைந்ததை ஆய்வாகவே பதிவு செய்திருக்கிறார்கள். கோவாவில் தடுப்பூசியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய், 2021-இல் அம்மாநிலத்தை ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்க முடிந்தது. அங்கே யாரும் நாய்களை அள்ளிக்கொண்டு போகவில்லை. ஊசி போட்ட நாய் தன் எல்லையில் இருக்கும்வரை ஊசி போடாத புது நாய் உள்ளே வர விடாது. அதை அகற்றினால் அந்த இடம் காலியாக இருக்கப் போவதில்லை, மீன்கடைக் கழிவும் திறந்த குப்பைத்தொட்டியும் அங்கேயே இருக்கும்வரை.

குழந்தையைக் கடித்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களை நான் கேலி செய்யமாட்டேன். அந்தப் பயம் உண்மையானது. அதனால்தான் உச்ச நீதிமன்றம், தில்லியின் நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன 2025 ஆகஸ்ட் 11 உத்தரவைப் பதினோரு நாளில் திருத்தியபோதும், வெறிநோய் கண்ட நாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் திரும்ப விடக் கூடாது என்றது. அதே ஆண்டு அதே நீதிமன்றம் இட்ட நவம்பர் 7 உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் உள்ள நாய்களை அகற்றுவதைப் பற்றியது. அதைக் காட்டி “பார்த்தீர்களா, எல்லாவற்றையும் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள்” என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் உத்தரவைப் படிக்கவில்லை. வெளிநாட்டில் தெருநாயே இல்லையே என்பார்கள். அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான விலங்குகளுக்கு ஊசி போட்டுக் கொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மிச்சமிருக்கும் கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பது இறந்துபோன மருந்தின் கதை. அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004 முடிவிலேயே நிறுத்திவிட்டது. இப்போது நாலைந்து தவணை, கையில், அரசு மருத்துவமனையில் இலவசம். காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்பாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடுங்கள். காயம் ஆழமென்றால் இம்யூனோகுளோபுலினும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டை ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பது சுத்தப் பொய். கருத்தடை செய்தால் மூர்க்கமாகும் என்பதும் அப்படியே. குட்டியைக் காக்கும் தாய்தான் அதிகம் பாயும், குட்டியே இல்லாவிட்டால் அந்தப் பாய்ச்சலும் இல்லை. தேய்பிறை அஷ்டமிக்கு மட்டும் நினைவுவந்து தயிர்சாதம் வைப்பவர்கள் வைக்கட்டும், குற்றமில்லை. ஆனால் கண் திறக்காத குட்டிக்குப் பசும்பால் புகட்டுவது பேதியைப் புகட்டுவது. பார்லே-ஜி சாப்பாடு ஆகாது.

காப்பகத்துக்கு நீங்கள் தரக்கூடியது என்ன என்பதிலும் ஒரு மூடநம்பிக்கை உண்டு: பணம் கொடுத்தால் போதும், அல்லது பிறந்தநாளன்று குழந்தையோடு போய்க் குட்டியைத் தூக்கி ஒரு செல்ஃபி. பணம் வேண்டும்தான்; ஒரு நாள் சாப்பாட்டுச் செலவைத் திதி நாளில் ஏற்றுக்கொள்வது நல்ல வழக்கம். குட்டிகள் பகுதிக்குள் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். செருப்பில் ஒட்டிய பார்வோவை வீட்டு நாய்க்கு எடுத்துவருவீர்கள். காப்பகத்தில் உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது சில்லறைச் சாமான்கள். கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரருக்குப் போடும் செய்தித்தாள், குட்டிக் கூண்டுக்கு விரிப்பாகும். துணியைத் துவைத்து வைரஸைத் தங்கவைப்பதைவிட, நனைந்த தாளைச் சுருட்டி எறிவது சுத்தம். கிழிந்த துண்டுகளைக் கொடுங்கள். சென்னை மே மாதத்திலும் அறுவைக்குப் பின் மயக்கம் தெளியாத நாய்க்கு உடம்பு சில்லிட்டுவிடும். துண்டில் சுற்றி, பக்கவாட்டில் படுக்கவைத்து, நாக்கு வெளியே தெரிகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள் வைத்துப் பார்த்து விடவேண்டும் என்கிறது விதி. காலியாக ஒரு கார் ஷெட் வைத்திருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்து வீடு, தாயற்ற மூன்று குட்டிகளை ஆறு வாரம் வைத்துக்கொண்டால், காப்பகத்தில் ஒரு கூண்டு அடிபட்ட நாய்க்குக் கிடைக்கும்.

இதையெல்லாம்விட நான் விடாமல் கேட்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. தெருவுக்கு ஒன்று, வாட்ச்மேன் மேஜையிலோ இஸ்திரிக்காரர் வண்டியிலோ இருக்கட்டும். கருத்தடை ஆன நாயின் காது ஓரத்தில் சிறு வெட்டு இருக்கும். பஸ் டிக்கெட்டைக் கண்டக்டர் கிள்ளியது போல. நாயின் நிறம், ஆணா பெண்ணா, காதில் வெட்டு உண்டா இல்லையா, கடைசியாக வெறிநோய் ஊசி எப்போது: நாலே கட்டம். சோறு வைக்கும் அம்மாவைத் திட்டித் துரத்தாமல் அவரிடமே நோட்டைக் கொடுங்கள். அவர் கையில்தான் நாய் வரும். வலைக்குப் பயந்து மூன்று தெரு தள்ளி ஓடி ஒளியும் பெட்டையை, அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவார். பால் குடிக்கும் குட்டி இருக்கிற தாயை இப்போது எடுக்க மாட்டார்கள். நோட்டில் அந்தத் தாய்க்கு எதிரே குட்டி பால் மறக்கும் மாதத்தை எழுதி வைக்கட்டும். பிறகு 1913-க்குப் போன் போடும்போது “எங்க தெருவில் நாய்த் தொல்லை” என்று சொல்ல வேண்டியிருக்காது. “பதினோரு நாய், எட்டுக்கு வெட்டு இருக்கு, மூணு பெட்டை பாக்கி, காலை ஆறு மணிக்கு வந்தால் பிடித்துக் கொடுக்கிறோம்” என்று சொல்லலாம். கண்ணம்மாபேட்டைக் கருத்தடை மையத்துக்குப் போய் வந்த மூன்றும் அதே இஸ்திரி வண்டிக்கு அடியில் இறங்கிய அன்று, அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போடுங்கள்.