கூட்டு வேலையில் உதவி எது?

பெரம்பலூர் மாவட்டம் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூரிலிருந்து வளைகுடாவுக்குச் சபர் சென்றோரில் கட்டடக் காண்டிராக்ட் கம்பெனிகளில் உழைப்போரும் உண்டு. அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகளும் உண்டு. சாரத்தின் மேல் நிற்பவன் உயிர் கீழே கயிறு பிடிப்பவன் கையிலிருக்கிறது. ஹிஜ்ரி 5-இல் அகழ் தோண்டுகையில் நாயகம் (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். ஆகவே, ஒருவர் லுஹர் தொழப் போகையில் மற்றவர் அவர் வேலையைப் பார்த்துக்கொள்வது நன்மையே. மேஸ்திரிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வராதவனுக்கு வருகைப் பதிவு போட்டுக் கொடுக்கிறார்களே, அது? அல்மாயிதா 2-ஆம் வசனம் பாவத்தில் ஒத்துழைப்பதை விலக்குகிறது. முதலாளி கெட்டவர் என்பது சாக்கன்று. அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவச் சொன்ன நபியவர்கள், அவனைத் தடுப்பதே அவ்வுதவி என்றும் விளக்கினார்கள். முன்பே அப்படி வாங்கிய கூலியை உரியவரிடம் திருப்ப வேண்டும். இயலாவிடில் விஷயத்தைச் சொல்லி ஹலாலாக்கிக்கொள்ள வேண்டும்.