மின்சாரச் செலவின் காரணங் காண்டல்

திருவண்ணாமலையில் எமது இல்லத்து மின்சாரக் கணக்கு, இரண்டு மாதங்களுக்கு 300 யூனிட்டைத் தாண்டுவது அரிது. ஒருமுறை அது 520 ஆயிற்று. 500ஐக் கடந்தால் கட்டண விகிதமும் உயருமாதலின் வீட்டில் பெருங் கலக்கம். மாடியறையில் குடியிருக்கும் மாணவர் இரவெல்லாம் மின்விசிறி சுழற்றுவதே காரணமென அனைவரும் துணிந்தனர். யாமும் அவ்வாறே கருதினோமென்பதை மறைப்பானேன்?

பின்னர்க் கணக்கிட்டோம். 1,000 வாட் சக்தி ஒரு மணி நேரம் செலவாவதே ஒரு யூனிட். 75 வாட் விசிறி 10 மணி நேரம் சுழன்றாலும் முக்கால் யூனிட்டே ஆகும். மிகைப்பட்ட 220 யூனிட்டோ நாளொன்றுக்கு மூன்றரைக்கு மேலாகிறது. ஆகவே குற்றவாளி வேறு.

அன்றிரவு வீட்டிலுள்ள சுவிட்சுகளனைத்தையும் நிறுத்தி, மீட்டரிலுள்ள சிறு செவ்விளக்கை நோக்கி நின்றோம். நெடுநேரம் அசைவற்றிருந்த அது திடீரென விரைந்து துடித்தது. கொல்லையில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் ஓடிற்று! மேல்தொட்டியில் நீர் குறைந்தால் தானே இயங்குமாறு அதனை அமைத்திருந்தோம். 1 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் கொள்வது.

நள்ளிரவில் நீர் குறைவானேன்? மோட்டார் நின்றபின் குழாயிற் செவி வைத்தோம். நீர் கீழிறங்கும் ஓசை கேட்டது. எமது தொட்டிக்கு நீரேற்றும் குழாய் அதன் அடிப்புறத்தே சேர்வது. கிணற்றினுள் ஒருவழி வால்வு பழுதுற்றமையால், ஏற்றிய நீர் அக்குழாய் வழியே கிணற்றுக்கு மீண்டு, பௌர்ணமியில் மலை வலம் வருவார்போற் சுற்றிக்கொண்டிருந்தது.

வால்வை மாற்றிய பின்னர் மாணவரிடம் மன்னிப்பு வேண்டினோம். மோட்டார் இரவிற் பன்முறை ஓடுவதைத் தாம் கேட்டதுண்டென்றும், பழி தம்மேலிருந்தமையாற் சொல்ல அஞ்சியதாகவும் அவர் கூறினார்.