உங்களுக்கு ஏன் சம்பளம் தர வேண்டும்?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்னர் இளைஞர் ஒருவர் என்னைச் சந்திக்க வந்தார். கையில் தடித்த கோப்பு. சுயவிபரக் கோவை, உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, கணக்கியல் டிப்ளோமா, கணினிப் பயிற்சிச் சான்றிதழ், கிராம சேவகர் சான்றிதழ், பள்ளி நிர்வாகத்தின் நற்சான்றுக் கடிதம் என ஏராளமான பிரதிகள் அதற்குள் இருந்தன. எட்டு மாதங்களில் ஒன்பது நேர்முகப் பரீட்சைகளுக்குச் சென்றிருக்கிறார். ஒன்பதிலும் "அறிவிக்கிறோம்" என்ற பதில்தான். வாப்பாவுக்கு இருதய நோய். தங்கைக்குக் கலியாணம் பேசி வைத்திருக்கிறார்கள். "நான் படிச்சதில ஏதும் பிழையா சேர்?" என்று கேட்டார்.

கோவையை வாசித்தேன். பிழை எதுவும் இல்லை. நேர்மையானவர், கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றக் கூடியவர், மும்மொழித் தேர்ச்சி உள்ளவர் என்று எழுதியிருந்தது. ஒரு வேலைக்கு ஐம்பது பேர் விண்ணப்பித்தால் ஐம்பது கோவைகளிலும் இதே நான்கு விடயங்கள்தான் இருக்கும். ஐம்பதில் யாரை எடுப்பது என்று முதலாளிக்குத் தெரியாது. கடைசியில் தெரிந்த ஒருவரின் மகனை எடுப்பார். ஆளைப் பார்த்து வேலை கொடுக்கிறார்கள் என்று நாம் குறைப்படுவோம். அந்தக் குறையில் உண்மையும் உண்டு. ஆனால், ஒன்றுக்கொன்று வேறுபாடே இல்லாத ஐம்பது தாள்களை முன்னால் வைத்தால் அவர் வேறு எதைப் பார்ப்பது?

"இதற்கு முன் எங்கே வேலை செய்தீர்கள் தம்பி?"

"ஸ்பெயார் பார்ட்ஸ் ஹோல்சேல் கடையொண்டில. ரெண்டரை வருஷம். ஸ்டொக் வேல."

"உங்களால் அந்தக் கடையில் என்ன மாறியது?"

"ஒண்டும் மாறல்ல சேர். ஸ்டொக் வேலதானே."

விடாமல் அரை மணி நேரம் கேட்டுக் கொண்டிருந்தேன். அப்போதுதான் விடயம் வெளியே வந்தது. ஒவ்வொரு மாத முடிவிலும், ஆறு மாதமாக ஒன்றுகூட விற்காத சாமான்களை ஒரு தாளில் எழுதி முதலாளியின் மேசையில் வைத்திருக்கிறார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. முதல் இரண்டு தாள்களை முதலாளி திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாவது தாளைப் பார்த்த பின்னர், ரோட்டிலேயே இல்லாத வாகனங்களுக்கான சாமான்கள் மூன்று ராக்கைகளில் கிடப்பது அவருக்கு விளங்கியது. அதன் பிறகு ஓடர் போடும் ஒவ்வொரு முறையும், "தம்பி, அந்த லிஸ்டக் கொண்டா" என்று கேட்பாராம்.

"இதை ஏன் கோவையில் எழுதவில்லை?"

"அது என்ட வேல இல்லயே சேர். சும்மா செஞ்சதுதானே."

அவர் "சும்மா" செய்த வேலையின் பெறுமதியை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் 3 கோடி ரூபா சரக்கு இருக்கிறது, அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அசையாத சரக்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். 45 இலட்சம் ரூபா ராக்கையில் தூங்குகிறது. அதே பணம் ஓடுகிற சரக்கில் இருந்து, வருடத்துக்கு நான்கு முறை புரண்டு, ஒவ்வொரு முறையும் பத்து வீதம் இலாபம் தந்தால் 18 இலட்சம். மாதம் 70,000 ரூபா சம்பளம் என்றால் வருடத்துக்கு 8 இலட்சத்து 40 ஆயிரம். இந்த இளைஞருக்குச் சம்பளம் கொடுப்பது செலவா, வரவா என்று முதலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. (2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது தூங்கிக் கிடந்த சரக்கும் சிலருக்குத் தங்கமானது உண்மைதான். அது விதிவிலக்கு. அதை நம்பிக் கடை நடத்த முடியாது.)

பேருவளை சீனன்கோட்டையில் உள்ளவர்களுக்குக் 'கெவுட' கல்லின் கதை தெரிந்திருக்கும். பால் கலந்தாற்போல் மங்கலாக இருக்கும் நீலக்கல் வகை அது. எங்களவர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து மலிவு விலைக்கு வாங்கிச் சென்றார்கள். அங்கே 1500 பாகைக்கு மேல் சூடாக்கியபோது, கல்லுக்குள் ஊசி ஊசியாகக் கிடந்த நுண்ணிய தாது கரைந்து, அதிலிருந்த டைட்டேனியம் கல்லில் இருந்த இரும்புடன் சேர்ந்து நல்ல நீல நிறம் வந்தது. எங்களவர்களும் பின்னர் அந்த வித்தையைக் கற்றுக் கொண்டார்கள். ஆனால் அதற்கிடையில் எத்தனை கற்கள் கப்பலேறிப் போயின! தன்னிடம் இருப்பது என்னவென்று தெரியாதவன், வாங்குகிறவன் சொல்லும் விலைக்குத்தான் விற்பான்.

இதே பாடத்தை நானும் அடிபட்டுத்தான் படித்தேன். சொந்தமாகக் கணக்குப் பார்க்கும் தொழிலைத் தொடங்கிய காலத்தில் என்னுடைய விசிட்டிங் கார்டில் ஏழு வரிகள் இருந்தன. கணக்கு, வருமான வரி, கம்பனிப் பதிவு, விசாப் படிவம், மொழிபெயர்ப்பு, டைப்பிங் என்று தெரிந்தது தெரியாதது எல்லாம். நான்கு வருடம் என்னிடம் கணக்குக் கொடுத்து வந்த ஒரு வியாபாரி, ஒரு நாள் பைல்களைத் திருப்பித் தரும்படி கேட்டார். என்னுடைய கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வேறொருவர் செய்து தருகிறாராம். "அவரும் அதே வேலயத்தானே செய்றார்" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. நான் என்ன வித்தியாசமாகச் செய்கிறேன் என்று எனக்கே தெரியாதபோது, அவருக்கு எப்படித் தெரியும்?

சில நாட்கள் மனம் சரியில்லாமல் இருந்து, பிறகு மிஞ்சியிருந்தவர்களில் மூவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "ஏன் இன்னும் என்னிடமே வருகிறீர்கள்?" வரிச் சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. பழைய சோனகத் தெருவில் கடை வைத்திருந்த ஹாஜியார் சொன்னது இன்றும் ஞாபகம் இருக்கிறது: "நீங்க என்னோட இங்கிலீஸ் கதைக்கிறல்ல. மாசம் அஞ்சாந் திகதி வந்து, என்ட சல்லி எங்க நிக்கிது, ஆர்ட செக் திரும்புது எண்டு ஒரு தாள்ல எழுதித் தந்திட்டுப் போறீங்க. அதப் பார்த்துத்தான் நான் வெளியூருக்குச் சாமான் ஏத்துற."

மற்ற இருவரும் வேறு வார்த்தைகளில் அதையேதான் சொன்னார்கள். மூவரும் வெளியூர்க் கடைகளுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்து, திகதி பிந்திய காசோலைகளை வாங்கி வைத்திருப்பவர்கள். அவர்களுடைய தூக்கத்தைக் கெடுப்பது வருமான வரியல்ல, திரும்பி வரும் காசோலைதான். அந்தத் தாளை நானும் "சும்மா"தான் எழுதிக் கொடுத்துக் கொண்டிருந்தேன்.

கார்டை மாற்றினேன். ஏழு வரிகள் போய் ஒரு வரி வந்தது: கடனுக்கு மொத்த வியாபாரம் செய்பவர்களுக்கு, அவர்களுடைய பணம் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி ஒரே தாளில் தமிழில் தருவேன். முதல் ஆறு மாதங்கள் கஷ்டம்தான். விசாப் படிவத்துக்கும் டைப்பிங்குக்கும் வந்தவர்கள் நின்று போனார்கள். அந்தச் சில்லறை வருமானம் வீட்டுச் செலவுக்கு உதவிக் கொண்டிருந்தது. "உள்ளதையும் ஏன் விட்டீங்க?" என்று மனைவி கேட்டார், நியாயமான கேள்விதான். பிறகு அந்த ஹாஜியாரே தன் பக்கத்துக் கடைக்காரரை அழைத்து வந்தார். என்னைப் பற்றி என்ன சொல்வதென்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது.

இவ்விடத்தில் சிலருக்கு ஒரு தயக்கம் வரும். தன்னைப் பற்றித் தானே சொல்வது பெருமையாகாதா? பணிவு எங்கே போனது? நல்ல தயக்கம்தான். தன்னைத்தானே பரிசுத்தவான் என்று சொல்லிக் கொள்வதை அல்குர்ஆன் கண்டிக்கிறது. ஆனால் அதே அல்குர்ஆனில் ஸூரா யூஸுபும் இருக்கிறது. அரசரின் முன்னால் நிறுத்தப்பட்ட யூஸுப் (அலை) அவர்கள், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தன்னைப் பொறுப்பாக்கும்படி தாமாகவே கேட்டார்கள். கேட்கும்போது தம்மைப் பற்றி இரண்டு விடயங்களை மட்டுமே குறிப்பிட்டார்கள். ஹபீழ், அதாவது பாதுகாப்பவர். அலீம், அதாவது அந்த வேலையை அறிந்தவர். அவர்கள் நபியின் மகன், நபியின் பேரன், நபியின் பூட்டன். அந்த வம்சப் பெருமையை அங்கே எடுக்கவில்லை. களஞ்சியத்துக்கு எது தேவையோ அதை மட்டும் சொன்னார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதவியைக் கேட்பதற்கு முன்னரே அவர்களுடைய வேலை அரசரின் கையில் இருந்தது. ஏழு வருடம் தொடர்ந்து பயிரிட்டு, உண்பதற்கான சிறிதளவு போக மிகுதியைக் கதிரோடு விட்டு வைக்க வேண்டும் என்ற திட்டத்தைச் சிறையில் இருக்கும்போதே சொல்லியனுப்பி விட்டார்கள். அரசர் அழைத்தனுப்பிய போதும், தம்மீதிருந்த பழி விசாரிக்கப்பட்டு நீங்கும்வரை சிறையிலிருந்து வெளியே வரவில்லை. வேலை, பெயர், அதன் பிறகே வார்த்தை. நாம் பெரும்பாலும் வார்த்தையில் தொடங்குகிறோம், அல்லது வார்த்தையே இல்லாமல் இருந்து விடுகிறோம்.

பதவியை ஆசைப்பட்டுக் கேட்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதும் ஹதீஸ்களில் உண்டு. பொறுப்புக்குத் தகுதியானவர், மக்களின் நலன் கருதித் தன் தகுதியை எடுத்துச் சொல்வது வேறு என்று உலமாக்கள் இவ்விரண்டையும் பிரித்து விளக்கியிருக்கிறார்கள். தஹஜ்ஜுத் தொழுவதை முதலாளியிடம் சொல்லத் தேவையில்லை. ஸ்டொக் லிஸ்ட் எழுதியதைச் சொல்லலாம்.

சரி, அந்த ஒரு வரியை எப்படிக் கண்டுபிடிப்பது? உட்கார்ந்து யோசித்தால் வராது. நமக்கு இலகுவாக வருவது நம் கண்ணுக்குத் தெரியாது. உங்களிடம் வேலை வாங்கியவர்களில் மூன்று பேரைக் கேளுங்கள். "நான் நல்லவனா?" என்று கேட்டால் எல்லோரும் மாஷா அல்லாஹ் என்பார்கள், பிரயோசனமில்லை. "நான் வராத நாளில் உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். மூவரும் ஒரே இடத்தைத் தொட்டால் அங்கேதான் விடயம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி வீட்டிலிருந்து அபாயா தைக்கிறார். "எல்லா விதமான தையலும் செய்து தரப்படும்" என்று கேற்றில் போட் போட்டிருந்தார். அந்தத் தெருவிலேயே அப்படி மூன்று போட்கள். அவரிடம் வரும் பெண்களைக் கேட்டபோது தையலின் அழகை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. "சொன்ன திகதிக்குத் தருவா" என்றார்கள். நோன்பு கடைசிப் பத்தில் தையற்காரர் வீட்டுக்கு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இப்போது அவர் ரமழான் பிறை பத்துக்குப் பின்னர் துணி எடுப்பதில்லை. எடுத்த துணியைப் பிறை இருபத்தைந்துக்கு முன்னர் கொடுத்து விடுகிறார். வருகிற எல்லோரிடமும் அதை முதலில் சொல்கிறார். தையற்கூலி அந்தத் தெருவில் அவருக்குத்தான் அதிகம்.

சொல்லும்போது சாமான்ய வார்த்தைகளைத் தவிருங்கள். "மும்மொழித் தேர்ச்சி" என்பதைவிட, "குருநாகல் பக்கத்துக் கடைக்காரர்களுடன் சிங்களத்தில் பேசி நிலுவையை அறவிட்டிருக்கிறேன்" என்பது முதலாளியின் காதில் ஏறும். ஆனால் உண்மையிலேயே அறவிட்டிருக்க வேண்டும். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய சம்பவத்தை நாம் வியாபாரிகளுக்கு மட்டும் ஓதிக் காட்டுகிறோம். நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்றுதான் அவர்கள் அந்த வியாபாரியிடம் கேட்டார்கள். சுயவிபரக் கோவையும் ஒரு குவியல்தான். எனக்குத் தெரியாத வேலை எது என்பதையும் முதல் நாளே சொல்லி விடுவது என் வழக்கம். கம்பனிச் சட்ட வேலை வந்தால் வேறொருவரிடம் அனுப்பி வைப்பேன். அதனால் இழந்த கட்டணம் உண்டு, இழந்த வாடிக்கையாளர் இல்லை.

அந்த இளைஞர் பத்து நாள் கழித்து மீண்டும் வந்தார். இம்முறை கோப்பு இல்லை, ஒரே ஒரு தாள். பழைய முதலாளியைப் போய்ச் சந்தித்திருக்கிறார். அவர் அந்த லிஸ்ட்களில் இரண்டை இன்னும் லாச்சியில் வைத்திருந்தாராம். அவற்றின் பிரதியும், விசாரிக்கலாம் என்று முதலாளி தன் கைப்பட எழுதிக் கொடுத்த தொலைபேசி இலக்கமும் இருந்தன. தாளின் மேலே எழுதியிருந்தது: "உதிரிப்பாகக் கடைகளில் விற்காமல் தேங்கும் சரக்கை மாதந்தோறும் கண்டுபிடித்து, அதில் முடங்கும் பணத்தை முற்றாக விடுவித்துத் தருவேன்."

"முற்றாக விடுவித்தீர்களா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்ல சேர். பாதி அளவு இரிக்கும்."

பேனையைக் கொடுத்தேன். 'முற்றாக' என்பதை வெட்டி விட்டு, 'பாதியளவையாவது' என்று எழுதினார். பிறகு அதையும் வெட்டி, "இரண்டரை வருடத்தில் ஏறத்தாழப் பாதியை விடுவித்தேன்" என்று மாற்றினார். திங்கட்கிழமை பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்குப் போகிறார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "சம்பளம் எவ்வளவு எண்டு கேட்டா என்ன சேர் சொல்ற?" என்று கேட்டார்.

அதை அடுத்த இதழில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.