வாசல்ல ராஜபாளையம் நாய், ரவுட்டர்ல 'அட்மின்' பாஸ்வேர்டு: உங்க வீட்டு வைஃபைக்கு 20 நிமிஷம் ஒதுக்குங்க



எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் இங்க நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு பைசா செலவில்லாத ஒரு பாதுகாப்பு பத்தி பார்க்கலாம்.

போன மாசம் ராஜபாளையத்துல அக்கா வீட்டுக்கு போயிருந்தேன். லேப்டாப்பை திறந்துட்டு, "அக்கா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?"ன்னு கேட்டேன்.

"உங்க அத்தான் போன் நம்பர்தான்டா. பக்கத்து வீட்டு பையனுக்கு ஆன்லைன் கிளாஸ் இருக்குன்னு அவனுக்கும் குடுத்தேன்."

ரவுட்டர் பக்கத்தை திறந்து பார்த்தா 11 டிவைஸ் கனெக்ட் ஆகியிருக்கு. அக்கா வீட்டுல இருக்கறது அஞ்சுதான். மீதி ஆறு? ஒண்ணு அந்த பையன். மத்த அஞ்சு பேர் யாருன்னு அக்காவுக்கே தெரியல. வாசல்ல ராஜபாளையம் நாய் காவலுக்கு நிக்குது, வைஃபை வழியா தெருவே உள்ள வந்துட்டு போகுது!

"நெட்டை யூஸ் பண்ணா பண்ணிட்டு போகட்டுமே?"

அக்கா இப்படித்தான் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதுக்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன்.

2008 ஜூலை 26. அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்கு சற்று முன்னாடி, டிவி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் ஈமெயில் வந்தது. போலீஸ் அந்த ஐபி முகவரியை பிடிச்சு போனப்ப, அது நவி மும்பை சான்பாடாவுல ஒரு அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட். அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமே இல்ல. பாஸ்வேர்டு போடாத அவரோட வைஃபையை யாரோ பயன்படுத்தியிருக்காங்க. ஆனா கம்ப்யூட்டரை எடுத்துட்டு போய், விசாரிச்சது அவரைத்தான். இந்த மாதிரி சம்பவங்களுக்கு அப்புறம், 2009 பிப்ரவரியில தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு பத்தி இன்டர்நெட் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

பாயிண்ட் இதுதான்: கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ, முதல் கேள்வி அவங்களுக்குத்தான். மாசச் சம்பளத்துல இருக்கற நமக்கு அந்த அலைச்சலே பெரிய நஷ்டம்.

பணத்துக்கு என்ன ஆபத்து?

தேவையில்லாம பயப்பட வேண்டாம். பேங்க் சைட், யுபிஐ ஆப் எல்லாம் தகவலை பூட்டித்தான் அனுப்புது. வைஃபைக்குள்ள வந்தவன் உடனே அக்கவுண்ட்டை காலி பண்ணிட முடியாது.

ரவுட்டரோட செட்டிங்ஸை அவன் தொட்டாத்தான் சிக்கல். நீங்க பேங்க் பேரை டைப் பண்ணதும் எந்த கம்ப்யூட்டருக்கு போகணும்னு வழி சொல்றது டிஎன்எஸ். அதை மாத்திட்டா, அட்ரஸ் சரியா அடிச்சாலும் போலி பக்கத்துக்கு போக வாய்ப்பிருக்கு. அதனால பேங்க் பக்கத்துல "பாதுகாப்பற்ற இணைப்பு"ன்னு எச்சரிக்கை வந்தா, தாண்டி போகாதீங்க. அங்கேயே நிறுத்திடுங்க.

போன் நம்பர் ஏன் கூடாது? ஒரு சின்ன கணக்கு

நம்ம மொபைல் நம்பர் 6, 7, 8, 9ல ஏதாவது ஒண்ணுல ஆரம்பிக்கும். மீதி 9 இலக்கம். மொத்தம் 400 கோடி நம்பர். பெருசா தெரியுதா? வைஃபையில ஒரு போன் இணையும்போது பரிமாறுற தகவலை பிடிச்சு வெச்சுக்கிட்டா, பாஸ்வேர்டை தன் வீட்டுல உட்கார்ந்தே முயற்சி பண்ணலாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வினாடிக்கு 5 லட்சம் பாஸ்வேர்டு பார்க்கும். 400 கோடியை 5 லட்சத்தால வகுத்தா 8,000 வினாடி. அதாவது இரண்டே கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். உங்க நம்பர் தெரிஞ்சவனுக்கு அதுவும் தேவையில்ல!

செய்ய வேண்டிய ஆறு வேலை

1. அட்மின் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு வேற, இது வேற. பிரவுசர்ல 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடிங்க. சரியான முகவரி ரவுட்டருக்கு அடியில ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்கும். உள்ள போனதும் முதல்ல இதை மாத்துங்க.

2. வைஃபை பாஸ்வேர்டு. டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்வு பண்ணுங்க. டபிள்யூஇபி வேண்டவே வேண்டாம். சம்பந்தமில்லாத நாலு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல சேர்த்து எழுதுங்க. நீளமா இருக்கும், மறக்காது. ஊர் பேர், பிறந்த தேதி கூடாது.

3. டபிள்யூபிஎஸ் ஆஃப். இதோட பின் 8 இலக்கம்தான். ஆனா முதல் பாதியையும் அடுத்த பாதியையும் தனித்தனியா சரிபார்க்கும். கடைசி இலக்கம் மத்ததை வெச்சு கணக்கிடுறது. அதனால அதிகபட்சம் 10,000 + 1,000 = 11,000 முயற்சி போதும். 2011லயே வெளிவந்த ஓட்டை இது.

4. கெஸ்ட் நெட்வொர்க். பக்கத்து வீட்டு பையனுக்கு இல்லன்னு சொல்ல முடியாது, புரியுது. கெஸ்ட் வைஃபை ஆன் பண்ணி அந்த பாஸ்வேர்டை குடுங்க. ஸ்மார்ட் டிவியையும் அதுலயே போட்டுடுங்க.

5. சிசிடிவி கேமரா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல சித்தி வீட்டு கேமராவை பார்த்தேன். வாங்கினப்ப வந்த பாஸ்வேர்டு அப்படியே இருக்கு! 2016ல மிராய்ங்கற வைரஸ் இப்படிப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் தேடிப் பிடிச்சது. அதுகிட்ட இருந்தது சுமார் 60 ஃபேக்டரி பாஸ்வேர்டு மட்டுமே. அந்த வருஷம் அக்டோபர் 21 அன்னைக்கு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவுல பல மணி நேரம் தடுமாறுச்சு.

6. அப்டேட். ரவுட்டர் மென்பொருளை அப்டேட் பண்ணுங்க. ரிமோட் மேனேஜ்மென்ட் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க.

அப்படியும் பணம் போயிட்டா?

உடனே 1930க்கு போன் பண்ணுங்க, பேங்க்குக்கும் எழுத்துல புகார் குடுங்க. ரிசர்வ் பேங்க் 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தப்பு உங்க மேலயும் இல்லாம பேங்க் மேலயும் இல்லாம வெளி ஆளால நடந்திருந்தா, தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்க நஷ்டம் பூஜ்யம். ஆனா ஓடிபியை நீங்களே குடுத்திருந்தா, புகார் பண்ற வரைக்கும் போனது உங்க கணக்குலதான்.

அக்கா வீட்டுல இதையெல்லாம் முடிக்க எனக்கு 20 நிமிஷம் ஆச்சு. மறுநாள் காலையில பக்கத்து வீட்டு பையன் வந்து நின்னான்: "அத்தை, நெட் வரல." கெஸ்ட் பாஸ்வேர்டு குடுத்தாங்க. மத்த அஞ்சு பேர் வந்து கேட்கவே இல்ல!

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க ரவுட்டர்ல எத்தனை டிவைஸ் இருக்குன்னு எண்ணிப் பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. ஊர்ல அம்மா, அப்பா தனியா இருந்தா, அடுத்த தடவை போறப்ப பால்கோவா வாங்கற நேரத்தோட இதுக்கும் 20 நிமிஷம் ஒதுக்குங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.