விடுதி அறைத் தோழரின் ஹக்கு

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார். மகன் வெளியூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான். அறையில் மூன்று பேர்; மற்ற இருவரும் மாற்று மதச் சகோதரர்கள். "ஹஜ்ரத், பிள்ளை ஸுப்ஹு தொழுவதும் ஓதுவதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லையாம். வார்டனிடம் புகார் செய்திருக்கிறார்கள்" என்று கண் கலங்கினார். நாமும் விசாரிக்காமல், "தீனில் உறுதியாக இருக்கச் சொல்லுங்கள், சோதனை வரத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

விடுமுறையில் பையனே வந்தான். கேட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. கைப்பேசியில் அலாரம் மூன்று முறை அடிக்குமாம். மூன்று முறையும் அணைத்துவிட்டுப் படுப்பானாம். பிறகு விளக்கைப் போட்டுத் தொழுதுவிட்டு, யாஸீன் சூராவை உரக்க ஓதுவானாம். பக்கத்துக் கட்டிலில் கிடப்பவனோ இரவு இரண்டு மணி வரை பரீட்சைக்குப் படித்தவன். தொழுகையை யாரும் தடுக்கவில்லை, தூக்கத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். நாம் சொன்ன பதில் தவறு என்று அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்நிஸா அத்தியாயத்தின் 36-வது வசனத்தில் பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோருக்கு நன்மை செய்யும்படி கட்டளையிடும் அல்லாஹ், 'அஸ்ஸாஹிபு பில்ஜன்ப்' என்று ஒருவரையும் சேர்த்துக் கூறுகிறான். பக்கத்திலேயே இருக்கும் தோழர் என்பது பொருள். பிரயாணத்தில் கூட வருபவர் என்றும், மனைவி என்றும் முன்னோர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் பைளாவி தப்ஸீரும், இமாம் ஸமக்ஷரீயின் கஷ்ஷாஃபும் உடன் கல்வி கற்பவரையும் இதில் சேர்க்கின்றன. ஆக, விடுதி அறைத் தோழருக்குத் திருமறையிலேயே ஹக்கு இருக்கிறது. அவர் எந்த மார்க்கத்தவர் என்று வசனம் பிரித்துப் பேசவில்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாப் இருந்தபோது தோழர்கள் சப்தமிட்டு ஓதினார்கள். நாயகம் அவர்கள் திரையை விலக்கி, ஒவ்வொருவரும் தம் ரப்பிடம் உரையாடுகிறீர்கள், ஒருவருக்கொருவர் தொல்லை தர வேண்டாம் என்ற கருத்தில் சொன்னதை அபூதாவூதில் காண்கிறோம். ஓதுகிறவருக்கே ஓதுகிறவரால் தொல்லை வரக்கூடாதென்றால், உறங்குகிறவருக்கு வரலாமா? இரவில் வீடு திரும்பினால், விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியும் உறங்குபவர் எழாதபடியும் ஸலாம் சொல்வார்கள் என்று, அவர்களுடன் தங்கியிருந்த மிக்தாத் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸலாமுக்கே இந்தப் பக்குவம்!

பொருள் விஷயத்திலும் இப்படித்தான். விளையாட்டாகக்கூட சகோதரனின் பொருளை எடுக்கக்கூடாதென்று ஹதீஸ் இருக்கிறது. நாம் ஓதிய காலத்தில் ஓர் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். கையில் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு ஒருவர் கடைக்குப் போவார். செருப்புக்காரர் வெயிலில் வெறுங்காலுடன் நிற்பார். தோழமைதானே என்று சிரித்தோம். இன்று சார்ஜர், வாளி, சோப்பு. கேட்டால் தந்திருப்பார் என்பது, கேட்காமல் எடுப்பதற்கு அனுமதி ஆகாது. பலர் சேர்ந்து உண்ணும்போது, கூட இருப்பவர் சம்மதமின்றி பேரீச்சம்பழத்தை இரண்டிரண்டாக எடுப்பதையே நாயகம் அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உம்மா கொடுத்தனுப்பும் தொதலைப் பெட்டியில் பூட்டி வைத்து இரவில் தனியாகத் தின்னும் பிள்ளைகளும் உண்டு. பூட்டுச் சத்தம் அறைக்கே கேட்கும்!

தோழர் மேஜையில் சாமி படம் வைத்திருந்தால் அதை அகற்றச் சொல்ல நமக்கு உரிமையில்லை. படத்தை நேரே முன்னோக்காத ஓரமாகப் பார்த்து முஸல்லாவை விரிக்கலாம். மது போன்றவை அறைக்குள் வந்தால் மட்டும் தயங்காமல் வேறு அறை கேட்க வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

அந்தப் பையன் இப்போது கைப்பேசியை அதிர்வில் வைத்துத் தலையணைக்கடியில் போட்டுக்கொள்கிறான். ஓதுவது மொட்டை மாடியில். அறைத் தோழர்களில் ஒருவன் பழையபடி பேசுகிறான். மற்றவன் இன்னும் முகம் கொடுக்கவில்லையாம். "அவனிடம் மன்னிப்புக் கேட்டாயா?" என்றோம். "இல்லை ஹஜ்ரத்" என்று தலை குனிந்தான். விடுதி திறந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.