போகிமான் அட்டையை நீவலாமா?

என் மகனின் பழைய போகிமான் அட்டைகளைத் தரச்சான்றுக்கு அனுப்பப்போகிறோம். மடங்கிய மூலைகளை நீவிச் சரிசெய்து அனுப்பலாமா?

வேண்டவே வேண்டாம். திருத்தியது தெரிந்தால் மதிப்பெண்ணே கிடைக்காது.

தரச்சான்று தரும் அமெரிக்காவின் பி.எஸ்.ஏ. நிறுவனம் அட்டைகளை 1 முதல் 10 வரை மதிப்பிடுகிறது. படம் நடுவில் இருக்கிறதா, மூலை கூர்மையா, விளிம்பு தேய்ந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்ப்பார்கள். போகிமானுக்கு எதிரி பின்பக்க நீல விளிம்புதான். சிறு தேய்மானமும் வெள்ளையாகப் பளிச்சிடும்.

திருத்திய அட்டை தப்பியதும் உண்டு. பி.எஸ்.ஏ. முதன்முதலில் தரமிட்ட ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் அட்டை 8 மதிப்பெண் வாங்கியது. அதன் ஓரங்களை வெட்டியது தான்தான் என்று ஏலக்காரர் ஒருவர் 2013-ல் ஒப்புக்கொண்டார்! அன்றைய கண்களுக்குத் தப்பியது இன்றும் தப்பும் என்று நம்ப வேண்டாம்.

மகனை விளக்கொளியில் அட்டையைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீறலில்லாதவற்றை மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறையிலிட்டு அனுப்புங்கள். மடங்கியவை ஆல்பத்திலேயே இருக்கட்டும். அவற்றுக்குக் கட்டணம் கட்டுவது வீண்.